மன்னியின் கோட்டை நடை

மன்னியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு தோசைத் திருப்பி. இரண்டாம் சனிக்கிழமைக் காலை, கிழக்கேகோட்டை நெரிசல். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், லாட்டரிச் சீட்டை மூக்குக்கு நேராக நீட்டுகிறவர்கள், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், இவர்கள் எல்லார் தலைக்கும் மேலே, பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய அந்தத் தோசைத் திருப்பி உயர்ந்து நிற்கும். பிடித்திருக்கும் கை தெரியும், ஆள் தெரியமாட்டாள். மன்னி அவ்வளவு குள்ளம். அவளுக்குப் பின்னால் இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு குழந்தைகள் வருவார்கள். எல்லாருக்கும் கடைசியில் நான். எனக்கு மன்னி கொடுத்திருந்த உத்தியோகத்தின் பெயர் 'வால்'. மாதம் முழுக்க ஆபீஸில் டைப் அடித்து விரல் தேய்ந்தவளுக்கு அந்த ஒரு காலைப்பொழுது பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருக்கும். தொண்ணூறுகளில் அரசாங்க ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறையாகவும், கடைத்தெரு மட்டும் திறந்தும் இருக்கிற நாள் எங்களுக்கு அது ஒன்றுதான்.

மன்னி என் அண்ணாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவள். நாங்கள் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் குடியிருந்தோம். வீட்டில் ஒரு தமிழ், தெருவில் பாதி மலையாளம், ஆபீஸில் முழு மலையாளம் என்று மாற்றி மாற்றிப் பேசுவது எங்கள் குடும்பத்துக்கு மூச்சு விடுகிற மாதிரி. மன்னிக்கு அது கடைசிவரை கைகூடவில்லை. அவள் மலையாளம் பேச ஆரம்பித்தால் காய்கறிக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று ரசிப்பார். அதற்காகக் கூச்சப்படுகிற ஆள் இல்லை அவள். தெரியாத ஊரில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று சொல்லிக்கொண்டு, வந்த புதிதிலேயே தினமும் ஒரு தெருவாக நடந்து பார்த்தாள். மதிலில் இந்தப் பொந்து எதற்கு, இந்தக் கல்தொட்டியில் எந்த மாடு தண்ணீர் குடித்தது, இந்த முடுக்குச் சந்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்பாள். நூலகத்திலிருந்து மலையாளப் புத்தகங்களைக் கொண்டுவந்து அண்ணாவைப் படித்துச் சொல்லச் சொல்லுவாள். பாவம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் என்ற ஒன்று அண்ணாவின் வாழ்க்கையிலிருந்தே போய்விட்டது. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் வளர்ந்த நான், எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கோட்டை மதில் தெரியும் என்பதை மன்னி சொல்லித்தான் கவனித்தேன்.

மன்னிக்கு ஒரே பெண். பெயர் வேறு இருந்தாலும் எங்களுக்கு அம்மு. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவள் எங்கள் எல்லாரையும் மிஞ்சிவிட்டாள். நாம் தமிழில் கேட்டால் அவளிடமிருந்து மலையாளம் கலந்துதான் பதில் வரும். அது போகட்டும், எங்கள் தெருக் குழந்தைகள் எல்லாருமே அப்படித்தான். ஆனால் ஒரு தடவை பள்ளிக்கூட விழாவுக்கு மன்னி போயிருந்தாள். டீச்சர்களிடமும் மற்ற அம்மாக்களிடமும் தன் மலையாளத்தில் ஓயாமல் பேசிவிட்டு, எல்லாரும் எவ்வளவு நல்லவர்கள் என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். பின்னாலேயே வந்த அம்மு பையைக் கூடத்தில் வீசினாள். "அம்மா இனி ஸ்கூலுக்கு வரண்டாம். நீ பேசறதைக் கேட்டு எல்லாரும் சிரிக்கறா" என்றாள். மன்னி சிரித்துக்கொண்டே, "சிரிச்சா சிரிக்கட்டுமே. அழப் பண்ணினாத்தானே தப்பு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் சிரித்ததை நான் நம்பவில்லை. அன்றிலிருந்து அம்மு அவளோடு கடைக்கு வரமாட்டாள், கோவிலுக்கு வரமாட்டாள். இழுத்துக்கொண்டு போனாலும் நாலு வீடு தள்ளி, தனக்கும் முன்னால் போகிறவளுக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி வருவாள். தெரிந்த பெண் யாராவது எதிரே வந்துவிட்டால் ஜவுளிக்கடைப் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். நான் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைக்கப் போனேன். "விடு. அடிச்சுக் கூட்டிண்டு போனா அதுக்குப் பேர் கூட வர்றதா?" என்று மன்னி தடுத்துவிட்டாள். மன்னி ஊர்ச் சரித்திரத்தில் மோகம் கொண்டு குழந்தைகளுக்காக நடை நடத்தினாள் என்று பிற்பாடு பலபேர் புகழ்ந்தார்கள். மோகம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் வெளியில் தன் பெண் தன்னோடு சேர்ந்து நடக்கவேண்டும் என்பதுதான். அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

முதல் நடை யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். வேறு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பட்டாளம் காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. அந்த வீட்டு மாமி வடைக்கு அரைப்பாளா, இதுகளைக் கட்டி மேய்ப்பாளா? அவள் கூப்பிட்ட குரலுக்கு மன்னி அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள், கையில் தோசைத் திருப்பியோடேயே. "வாங்கோ, குதிரை காட்டறேன்" என்று சொல்லி அத்தனையையும் தெருவில் இறக்கிவிட்டாள். வேடிக்கை பார்க்க அம்முவும் போனாள், நானும் போனேன். பழைய அரண்மனையான குதிரை மாளிகையின் கூரைக்குக் கீழே வரிசையாகச் செதுக்கியிருக்கும் மரக்குதிரைகளைத் தோசைத் திருப்பியால் சுட்டிக்காட்டி, ஆளுக்கொரு குதிரை பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்த குதிரைக்குப் பெயர் வைக்க வேண்டும், அது எங்கே போகப் பிரியப்படுகிறது என்று சொல்ல வேண்டும். அவள் மலையாளத்தைக் கேட்டுக் குழந்தைகள் சிரித்தார்கள், திருத்தினார்கள், அவளும் திருத்தியதை இன்னும் தப்பாகச் சொல்லி மறுபடி சிரிக்கவைத்தாள். அம்மு கூட்டத்தோடு கூட்டமாக நின்று வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண் அவளிடம், "இது ஆரா?" என்று கேட்டது. யாரிவள் என்று அர்த்தம். "அறிஞ்ஞூடா. ஏதோ ஒரு ஆன்ட்டி" என்றாள் அம்மு. எனக்குத் தெரியாது என்று தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள். மன்னி காதிலும் அது விழுந்தது. அவள் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த குதிரைக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். மன்னி மோர் கடைந்துகொண்டே சொன்னாள்: "ஆன்ட்டின்னு சொன்னா என்ன இப்போ? அங்கேருந்து இங்க வரைக்கும் என் பக்கத்துல நடந்தாளோல்லியோ? என் புடவையைக்கூட ஒரு தடவை பிடிச்சுண்டா. நீ பாக்கலை." பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகளின் அம்மாக்கள் அடுத்த மாதமும் உண்டா என்று கேட்டார்கள். அவர்கள் சொல்லி வேறு அம்மாக்கள், வேறு பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் என்று கூட்டம் சேர்ந்தது. மாதம் தவறாமல் நடை நடந்தது. மாதம் தவறாமல் அம்முவும் வந்தாள், மற்றவர்களைப் போலவே அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு. தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டு விளையாடுகிற விளையாட்டாக அது இருவருக்கும் நடுவில் ஓடியது. மன்னி ஒவ்வொரு தடவையும் அந்த 'ஆன்ட்டி' காதில் விழும்போது தோசைத் திருப்பியைக் கைமாற்றிக்கொள்வாள். வாலில் நடந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நடைக்கு மன்னி வைத்திருந்த சட்டங்கள் கொஞ்சம்தான். வருஷக்கணக்கு சொல்லக் கூடாது, சொன்னால் இதுவும் பள்ளிக்கூடம்தான் என்று குழந்தைகள் ஓடிவிடும். பெரியவர்கள் நடுவில் பேசக் கூடாது. துணைக்கு வந்த அப்பாக்கள் இந்தச் சட்டத்தை மீறித்தான் தீருவார்கள். அடுத்தது, எல்லாரும் போக முடியாத இடத்துக்கு நடை போகாது. பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றித்தான் எங்கள் நடையே. ஆனால் வருகிற குழந்தைகளில் முஸ்லிம் பெண் இருப்பாள், கிறிஸ்தவப் பையன் இருப்பான், கோவிலுக்குள் அவர்களை விடமாட்டார்கள். தினமும் விடியற்காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்து காபி குடிக்கிற மன்னி, நடையன்று மட்டும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளக்கரையில் நிற்பாள். "உள்ள போய்ட்டு வந்துடலாமே, ரெண்டு நிமிஷம்" என்று யாராவது மாமி சொன்னால், "அந்த ரெண்டு நிமிஷம் வெளில நிக்கற குழந்தைக்கு ரொம்ப நேரமாக்கும்" என்பாள். குளக்கரைக்கு எதிரே அந்தப் பழைய மணிக்கூண்டு. மணி அடிக்கும்போது அதிலிருக்கிற தாடிக்காரப் பொம்மை வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னத்தில் முட்டும். அந்தக் காட்சிக்காகக் குழந்தைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள். நானும் நிற்பேன்.

கடைசிச் சட்டம் ஜோடி. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஜோடி உண்டு. கையை விடக் கூடாது. ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது மன்னி ஒவ்வொரு குழந்தையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்ட குழந்தை தன் ஜோடியின் பெயரைக் கத்த வேண்டும். இதில் யாரும் தொலையவே முடியாது என்பது மன்னியின் பெருமை. அம்முவுக்கு மட்டும் நிரந்தர ஜோடி கிடையாது. ஒற்றைப்படையாக ஒரு குழந்தை மிஞ்சினால் அதற்கு அம்மு ஜோடி. மிஞ்சாவிட்டால் அவள் தனி. பெயர் கூப்பிடும்போதும் மன்னி அவளைக் கூப்பிடமாட்டாள். நான் ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். "நம்மாத்துக் குழந்தைடி அவ. வந்தவாளை முதல்ல பாக்க வேண்டாமா?" என்றாள் மன்னி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீடுகளில் விசேஷம் என்றால் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக் குழந்தைகளுக்கு இலை. பசிக்கிறது என்று பந்திக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் கையைப் பிடித்து எழுப்பிவிடுவார்கள். "நீ ஆத்துக் குழந்தைன்னா, அப்பறம் ஒக்காரலாம்." நாங்கள் எல்லாருமே அப்படி எழுப்பப்பட்டு வளர்ந்தவர்கள். பிறத்தியார் குழந்தையைக் கண்ணில் வைத்துப் பார், உன் குழந்தை எங்கே போய்விடப் போகிறது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கும்பகோணத்திலும் அதேதான்.

ஒரு சனிக்கிழமை நடை வழக்கம்போலவே தொடங்கியது. பழவங்காடியில் சிதறுகாய்ச் சில்லுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, சாலைக் கடைத்தெருவுக்குள் புகுந்து, ஆரியசாலை வரைக்கும் போயிருந்தோம். அந்தக் காலத்தில் ஆரியசாலை மொத்த வியாபாரக் கடைகளில் பாதிக்கு மேல் தமிழ்க் கடைகள். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே குழந்தைகள் மூட்டைகளைத் தடவிப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழைக்கு முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது, ஊற்றும், அவ்வளவுதான். தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கிழக்கேகோட்டையில் பெற்றோர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். மன்னி போகிற வருகிற ஆட்டோக்களையெல்லாம் கை தட்டி நிறுத்தினாள். ஜோடி ஜோடியாகப் பெயர் சொல்லி ஏற்றினாள். முன் ஆட்டோவில் அவள், கடைசி ஆட்டோவில் நான். கோட்டை வாசலில் இறங்கியதும் மறுபடி பெயர் கூப்பிட்டாள். எல்லா ஜோடியும் கத்தியது. ஒவ்வொரு குழந்தையாகக் குடைக்குள் இழுத்துக்கொண்டு பெற்றோர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். புடவையைப் பிழிந்துகொண்டே மன்னி, "அப்பாடா, ஒண்ணும் குறையலை" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மு எங்க, உன் பின்னாலயா?" என்று கேட்டாள். அம்மு அவளோடு போயிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். என்னோடு வருவாள் என்று அவள் நினைத்திருந்தாள்.

மன்னி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு எங்கே போனதோ தெரியாது. முழங்கால் தண்ணீரில், கைவண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில், "அம்மூ, அம்மூ" என்று கத்திக்கொண்டு போனாள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்து என்ன சேச்சி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பதில் சொல்ல அவளுக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. நான்தான் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே எல்லாருக்கும் சொன்னேன், பச்சைப் பாவாடை, இரட்டைப் பின்னல் என்று. கடைசியில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவர் வெல்ல மண்டி ஒன்றைக் காட்டினார்.

அம்மு உள்ளே ஒரு வெல்ல மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலையில் யாரோ துண்டைச் சுற்றியிருந்தார்கள். அழுகை இல்லை. மன்னி அப்படியே பாய்ந்தாள். கல்லாவிலிருந்து மண்டிக்காரர் எழுந்து வந்து கையை நீட்டி மறித்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர்.

"நில்லுங்கம்மா. நீங்கதான் அந்த ஆன்ட்டியா?"

"நான் அவ அம்மா" என்றாள் மன்னி.

"பிள்ள அப்படிச் சொல்லலையே. ஆன்ட்டி கூட்டிட்டு வந்தாங்க, விட்டுட்டுப் போயிட்டாங்கன்னுல்லா சொல்லுது."

அண்ணாச்சிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "கோவிச்சுக்கிடாதீங்க. நானும் பொம்பளப் பிள்ள பெத்தவன். யாரு என்னன்னு தெரியாம ஒரு பிள்ளைய எப்படி அனுப்ப முடியும்? அது வாயால சொல்லட்டும், கூட்டிட்டுப் போங்க" என்றார். அம்முவின் பக்கம் திரும்பிக் குனிந்து, "ஏம்மா, இவங்க உங்க அம்மாவா?" என்று கேட்டார்.

அம்மு மன்னியை ஏற இறங்கப் பார்த்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டிக் கிடந்தது, புடவை முழங்கால் வரை சேறு, கையில் இன்னமும் அந்தத் தோசைத் திருப்பி. "எல்லார் பேரையும் விளிச்சா. என் பேரை விளிக்கவே இல்ல. அம்மான்னா விளிச்சிருப்பாளே" என்றாள். வெளியில் அவள் தமிழ் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, நான் இவளோட அத்தை, நாங்க கோட்டைக்குள்ள தான்" என்று ஆரம்பித்தேன். மன்னி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "நீ சும்மா இரு. அவதான் சொல்லணும்" என்றாள். பிறகு அம்முவுக்கு எதிரே இருந்த மூட்டையில் போய் உட்கார்ந்தாள். தொடவில்லை, கெஞ்சவில்லை. "நிஜம்தான். எல்லாரையும் கூப்பிட்டேன், உன்னைக் கூப்பிடலை. நீ நம்மாத்துக் குழந்தை, எங்க போயிடப் போறேன்னு இருந்துட்டேன். அம்மா பண்ற காரியம் இல்லை அது" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அண்ணாச்சி கல்லாவுக்குப் போகவும் இல்லை, எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. இந்தப் பெண் இல்லை என்று தலையாட்டிவிட்டால் மன்னி உடைந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் பத்மநாபனை வேண்டிக்கொண்டேன், எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

அம்மு தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள். மூட்டையிலிருந்து இறங்கி அதை அண்ணாச்சியிடம் கொடுத்தாள். பிறகு மன்னியிடம் போய் நின்று, "அம்மா, பசிக்கறது" என்றாள்.

"அப்ப சரி" என்றார் அண்ணாச்சி. ஒரு வெல்லக்கட்டியை உடைத்து மூன்று பேருக்கும் கொடுத்தார். மன்னி அதை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள். வெல்லத்தை மென்றுகொண்டே அழுதாள், பார்க்கச் சிரிப்பாக இருந்தது, நானும் அழுதேன். நான் தைரியசாலி என்று ஆபீஸில் பெயர்.

அடுத்த மாதம் நடை உண்டா என்று நான் கேட்கவே பயந்தேன். உண்டு என்றாள் மன்னி. முதலில் கூப்பிட்ட பெயர் அம்மு. யாரோடு ஜோடி சேருகிறாய் என்று கேட்டதற்கு, அம்மு வரிசை முழுக்கத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது பெரிய கௌரவம். அப்படி அம்மு வளர்ந்து என் தோளை எட்டும்வரை இரண்டு பேரும் வாலில் நடந்தோம். பிறகு அண்ணாவுக்கு பாங்கில் வடக்கே மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று மன்னி தெருமுனை வரைக்கும் நடந்துபோய் மதிலைத் தொட்டுவிட்டு வந்தாள். அங்கே அவளுக்கு மாடிக் குடியிருப்பு, கீழே இறங்கினால் கார்கள். போனில் என் உடம்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், "ஆட்டுக்கடா ஒழுங்கா முட்டறதா?" என்றுதான் கேட்பாள். அண்ணா ரிடயர் ஆனதும் இங்கேயே வந்துவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் வியாதி வந்து, அங்கேயே போய்விட்டாள். எனக்கு வயதாகிறது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்கிறேன். இரண்டாம் சனிக்கிழமை காலையில் மட்டும் பழகவில்லை. அன்றைக்கு எனக்கு மன்னி வேண்டும்.

இப்போது குழந்தைகளுக்கென்று இப்படி நடை நடத்துகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஒரே நிறத் தொப்பி, மணிக்கட்டில் அப்பா அம்மா போன் நம்பர் எழுதிய பட்டை, நடத்துகிற பெண்ணின் சட்டையில் சின்ன மைக். நன்றாகத்தான் செய்கிறார்கள். யாரும் தொலையப் போவதில்லை. குளக்கரையில் அவர்களைப் பார்த்தால் நானும் கொஞ்ச தூரம் பின்னாலேயே போவேன். ஒரு நாள் அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன வேண்டும் ஆன்ட்டி என்று கேட்டாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன விடுமுறையில் அம்மு தன் பெண்ணோடு வந்திருந்தாள். அம்மா நடத்திய நடையை அவளுக்குக் காட்ட வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று என்னைக் கிளப்பினாள். மூன்று பேரும் போனோம். குதிரை மாளிகையில் குழந்தை ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டது. அது வரைக்கும் சரி. கோட்டை வாசலுக்கு வந்ததும், "இங்க பாட்டி என்ன கதை சொல்லுவா?" என்று கேட்டது. அம்மு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரு நடை விடாமல் போயிருக்கிறோம், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வாலில் இருந்தவர்களுக்கு எங்கே கேட்டது? மன்னி கையை ஆட்டுவது தெரியும், முன்னால் குழந்தைகள் வாயைப் பிளப்பது தெரியும், கதை எங்கள்வரை வந்ததே இல்லை. சின்னதில் முன்னால் நின்று கேட்டதை அம்மு மறந்துவிட்டாள். கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை, அவள்தான் இருந்தாளே.

"கதை ஞாபகம் இல்லடா" என்றாள் அம்மு. "ஆனா இங்க வந்ததும் பாட்டி கதையைப் பாதில நிறுத்திடுவா. திரும்பிப் பாப்பா. வரிசை பூராத் தாண்டி, கடைசில நான் இருக்கேனான்னு பாப்பா. ஒவ்வொரு முடுக்குலயும்."

"பாத்தா நீ என்ன பண்ணுவே?"

"இருக்கேம்மான்னு கத்துவேன்."

"எல்லாருக்கும் கேக்கறாப்பலயா?"

"எல்லாருக்கும் கேக்கறாப்பல" என்றாள் அம்மு.